மகன் வேகமாக வளர்கிறான், மாதாந்திர ஊசி அவசியமா?

கேள்வி: என் 6 வயது மகனுக்கு நியூரோஃபைப்ரோமட்டோசிஸ் வகை 1 (நரம்புகளில் கட்டிகள் உண்டாக்கும் மரபணுக் கோளாறு), பார்வை நரம்பில் கட்டி. ஒரே ஆண்டில் 11 செ.மீ. வளர்ந்துவிட்டான். வளர்ச்சி ஹார்மோன் அதிகம், மாதம் ஒரு ஆக்ட்ரியோடைடு ஊசி போடவேண்டும் என்கிறார்கள். ஊசி போட்டால் வளர்ச்சி நின்றுவிடாதா? அறுவை சிகிச்சை கூடாதா?

பதில்: பெரியவர்களுக்கு இந்த ஹார்மோன் கூடினால், பெரும்பாலும் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் உள்ள கட்டியே அதைச் சுரக்கும். அங்கே கட்டியை எடுப்பதே பெரும்பாலும் முதல் சிகிச்சை. உங்கள் மகனின் கட்டி ஹார்மோன் சுரப்பதில்லை. வளர்ச்சி ஹார்மோன் சுரப்பை அடக்கும் சோமாடோஸ்டாட்டின் என்ற ஹார்மோனை, மூளையின் ஹைப்போதாலமஸ் பகுதி அனுப்பவிடாமல் அது தடுப்பதாகக் கருதப்படுகிறது. நரம்போடு பின்னிய கட்டியை ஹார்மோனுக்காக வெட்டி எடுத்தால் பார்வையே போகலாம். அதனால்தான் மருந்து.

ஆக்ட்ரியோடைடு, சோமாடோஸ்டாட்டினைப் போலவே செயல்படும். 4 வாரத்துக்கு ஒருமுறை பிட்டத் தசையில் போடுவார்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அறை வெப்பத்துக்கு வந்தபின் கலக்கி, உடனே செலுத்தவேண்டும்; பழகிய நர்ஸ் போடுவதே நல்லது. முதல் சில வாரங்களில் வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி வரலாம். பித்தப்பையில் கல் சேரலாம் என்பதால் அவ்வப்போது ஸ்கேன், சர்க்கரைப் பரிசோதனையும் தேவை. குழந்தைகளுக்கு இதை வழக்கமான அனுமதிக்கு வெளியேதான், அதாவது மருந்துக்கு முறைப்படி அனுமதிக்கப்படாத பயன்பாடாகத்தான் தருகிறோம். அதைக் கேட்டு மிரளவேண்டாம், ஆனால் மருத்துவர் உங்களிடம் வெளிப்படையாகச் சொல்லியிருக்கவேண்டும்.

வளர்ச்சி நிற்காது. இந்த வயதில் ஆண்டுக்கு 5, 6 செ.மீ. வளர்வது இயல்பு, அந்த வேகத்துக்குக் கொண்டுவருவதே நோக்கம். ரத்தத்தில் ஐஜிஎஃப்-1 (வளர்ச்சி ஹார்மோன் தூண்டுவதால் உடலில் உருவாகும் பொருள்) அளவை வயதுக்கும் பருவமடைதல் நிலைக்கும் ஏற்ற அளவோடு ஒப்பிட்டுப் பார்த்து, அளவுக்கு மேல் குறைந்தால் மருந்தைக் குறைப்பார்கள். பெரியவர்களுக்கான அட்டவணையோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பும். லேபில் எந்த அட்டவணை என்று கேளுங்கள்.

ஆக்ட்ரியோடைடு போதாவிட்டால் பெக்விசோமன்ட் உண்டு. தினமும் தோலடியில் போடும் ஊசி, ஹார்மோன் வேலை செய்யும் இடத்தையே அடைக்கும். அப்போது ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் ஏறும். பதறவேண்டாம், ஐஜிஎஃப்-1தான் கணக்கு. கல்லீரல் பரிசோதனை கட்டாயம். வளர்ச்சி ஹார்மோன் சுரப்பைக் குறைக்கும் கேபர்கோலின் மாத்திரையைத் துணை மருந்தாகவே நான் பார்க்கிறேன்.

ஊசி தொடங்குமுன் ஒன்று கேளுங்கள்: முன்கூட்டிய பருவமடைதல் இல்லை என்று உறுதிசெய்தார்களா? இந்தக் கட்டியுள்ள குழந்தைகளிடம் அதுவும் வரும், அதுவும் உயரத்தை ஏற்றும், அதற்கான ஊசி வேறு. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

ஆயுள் முழுவதும் தேவைப்படும் என்றில்லை. சில குழந்தைகளுக்கு இந்த மிகைச் சுரப்பு தானாகவே அடங்குகிறது. அதனால் இடையிடையே மருந்தை நிறுத்திப் பார்க்கும் திட்டம் உண்டா என்று கேட்டுவையுங்கள். ஊசி கட்டிக்கான மருந்தல்ல. எம்ஆர்ஐயும் கண் பரிசோதனையும் தவறக்கூடாது.