சிவாஜி சிலருக்கு ஏன் ஒட்டுவதில்லை? – கேள்வி பதில்

சிவாஜி கணேசன் நடிப்பு தங்களுக்கு ஏன் பிடிக்கவில்லை என்று சிலரும், பிடிக்காதவர்களுக்கு என்னதான் குறை என்று சிலரும் கேட்டிருந்தீர்கள். முடிந்தவரை பதில் சொல்கிறேன். சண்டைக்கு இழுக்கும் கேள்விகளைக்கூட ஒதுக்கவில்லை.

அப்பா இன்றும் 'பாசமலர்' பார்த்துக் கண் கலங்குகிறார். அதே காட்சியில் எனக்குச் சிரிப்பு வருகிறது. வீட்டில் திட்டு விழுகிறது. என்னிடம் ஏதாவது கோளாறா சார்?

ஒரு கோளாறும் இல்லை. நீங்கள் எந்த வரிசையில் பார்த்தீர்கள் என்பதுதான் விஷயம். உங்கள் அப்பா 'பாசமலர்' பார்த்தபோது அது அவருக்குப் புதுச் சரக்கு. நீங்கள் அதற்கு முன்பே பட்டிமன்ற மேடையில், கல்லூரி விழாவில், டிவி நகைச்சுவை நிகழ்ச்சியில் அந்தக் குரலை, அந்தக் கன்னத் துடிப்பை, நடுங்கும் கையை நூறு பேர் செய்து பார்த்துவிட்டீர்கள். நகலைப் பார்த்துப் பழகியவருக்கு அசல் வரும்போது அதுவும் நகல் மாதிரியே தெரியும். மிமிக்ரி செய்பவர் மிகையான பத்து நொடியை மட்டும்தான் எடுத்துக்கொள்வார். அதற்கு முன்னால் இரண்டு மணி நேரம் அண்ணன் தங்கை கதை கட்டி எழுப்பப்பட்டிருக்கிறது, அது அவருக்குத் தேவையில்லை.

இன்னொன்று, அப்பாவோடு உட்கார்ந்து பார்க்காதீர்கள். "இப்போ பாரு, இப்போ பாரு" என்று பக்கத்தில் ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் அழுகை வரும்?

ஓவர் ஆக்டிங் என்று சொன்னாலே ரசிகர்கள் பாய்கிறார்களே. நேர்மையாகச் சொல்லுங்கள், அது ஓவர் ஆக்டிங்தானே?

இன்றைய அளவுகோலில் பல படங்களில் ஆமாம். ஆனால் அது தெரியாமல் நடந்ததா, தெரிந்தே செய்ததா என்று கேட்டால் கதை மாறும்.

1954ஆம் வருடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் 'மனோகரா' வருகிறது. கலைஞர் வசனம். சங்கிலியால் கட்டப்பட்டு தர்பாரில் நின்றபடி சிவாஜி முழங்கும் காட்சி அன்று ஊரெல்லாம் பேச்சு. அடுத்த மாதமே ஏவிஎம் தயாரிப்பில், எஸ். பாலசந்தர் இயக்கத்தில் 'அந்த நாள்'. பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. உலகப் போர்க் காலத்தில் ஜப்பானுக்கு உளவு சொல்லும் ரேடியோ என்ஜினியர் வேடம். படம் தொடங்கியதுமே சுடப்பட்டுச் செத்துவிடுகிறார். மிச்சமெல்லாம் அவரைப் பற்றி மற்றவர்கள் சொல்வது. அந்தப் படத்தில் அவர் பேசுவதைக் கேளுங்கள். குரலை உயர்த்தாமல், பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதுபோல் பேசுகிறார். கெட்டவன் என்று முகத்தில் எழுதி ஒட்டிக்கொள்ளவில்லை. கொஞ்சம் அலட்சியம், கொஞ்சம் களைப்பு, அவ்வளவுதான்.

ஒரே ஆள், சில வார இடைவெளி. 'மனோகரா' ஓடியது, 'அந்த நாள்' வசூலில் விழுந்தது. அன்றைக்கு டிக்கெட் வாங்கியவர்கள் எந்த சிவாஜி வேண்டும் என்று காசு கொடுத்துச் சொல்லிவிட்டார்கள். அடுத்த இருபது வருடம் அவர் அந்த ஆர்டரை நிறைவேற்றினார். இன்று திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது வேறு கூட்டம். உங்களுக்கு ஒட்டாததற்கு இதைத்தான் முதல் காரணமாகச் சொல்வேன்.

ஆனால் அவ்வளவு சத்தமாக ஏன்? பக்கத்தில் நிற்கும் அம்மாவிடம் பேசுவதற்கே மைக் தேவையில்லாத குரல்!

அவர் வளர்ந்த இடம் அப்படி. சிறுவயதிலேயே பாய்ஸ் கம்பெனி நாடகத்தில் சேர்ந்தவர். பெண் வேடம் உட்பட எல்லாம் போட்டவர். அண்ணா எழுதிய நாடகத்தில் சத்ரபதி சிவாஜியாக நடித்ததைப் பார்த்துப் பெரியார் 'சிவாஜி' என்று அழைத்தார். கணேசனோடு அந்தப் பெயரும் ஒட்டிக்கொண்டது. அந்த மேடைகளில் கடைசி வரிசைக்காரனுக்கு வசனமும் தெளிவாகக் கேட்க வேண்டும், முகத்தில் கோபமா சோகமா என்பதும் தெரிய வேண்டும். புருவத்தைத் தூக்குவது, உதட்டைத் துடிக்க விடுவது, கையை முழு நீளத்துக்கு நீட்டுவது எல்லாம் அதற்கான தொழில் உத்தி.

சரி, சினிமாவில் குளோசப் இருக்கிறதே என்பீர்கள். அன்றைய படங்கள் எங்கே ஓடின என்று பாருங்கள். நகரத்து ஏசி தியேட்டரில் மட்டுமல்ல, கீற்றுக் கொட்டகையில், மணல் தரையில், ஒரே ஒரு ஹாரன் ஸ்பீக்கரில். பக்கத்தில் குழந்தை அழும், முறுக்குக்காரன் குறுக்கே போவான், வெளியில் லாரி ஹாரன் அடிக்கும். அத்தனையையும் தாண்டிக் கதை போய்ச் சேர வேண்டும். அதே நடிப்பை நீங்கள் ராத்திரி படுக்கையில், காதில் ஹெட்போனோடு, முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் போனை வைத்துப் பார்க்கிறீர்கள். யாராக இருந்தாலும் கத்துவது போலத்தான் இருக்கும்.

அந்தக் காலம் அப்படி என்பது வெறும் சாக்கு. ரங்காராவும் டி.எஸ். பாலையாவும் அதே காலம்தானே? அவர்கள் இன்றும் இயல்பாகத் தெரிகிறார்களே?

வந்த கேள்விகளில் இதுதான் சரியான பிடி. சிவாஜி ரசிகர்கள் பெரும்பாலும் இதற்குப் பதில் சொல்லாமல் நழுவிவிடுவார்கள்.

பாலையாவும் நாடக மேடையிலிருந்து வந்தவர்தான். ஆகவே மேடை மட்டும் காரணம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஆனால் அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட பொருள் வேறு. 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் பேய்க்கதை சொல்லும்போது பாலையாவின் வேலை பயப்படுவது மட்டும்தான். பேச்சுச் சுமை நாகேஷுக்கு. 'படிக்காத மேதை'யில் ரங்காராவுக்குச் சின்னச் சின்ன வரிகள். ஒரு பெருமூச்சில் பாதி வசனம் முடிந்துவிடும். எதிரில் சிவாஜிக்கோ படித்தவன் போலப் பேசவும் கூடாது, பார்க்கிறவர் மனதை உருக்கவும் வேண்டும். நீதி கேட்பது, சாபம் விடுவது, தத்துவம் சொல்வது, அழுவது எல்லாவற்றையும் கதாநாயகன் தலையில்தான் கட்டினார்கள். பத்தி பத்தியாக அடுக்குமொழி எழுதிக் கொடுத்துவிட்டு இயல்பாகப் பேசு என்றால் எப்படி?

இவ்வளவு சொன்ன பிறகும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 'பாசமலர்' முடிவுப் பகுதியில் என் கண் சிவாஜியைவிட சாவித்திரி மேல்தான் போகிறது. அவர் குறைவாகச் செய்கிறார், அது அதிகமாக வலிக்கிறது. இதைச் சொன்னால் எங்கள் வட்டாரத்தில் டீ கிடைக்காது, ஆனாலும் சொல்கிறேன்.

எம்.ஜி.ஆரா, சிவாஜியா?

அடுத்த கேள்வி.

எழுபதுகளின் கடைசி, எண்பதுகளில் வந்த படங்களை டிவியில் பார்த்துத்தான் எனக்கு அவரைப் பிடிக்காமல் போனது. விக், இறுக்கமான பேண்ட், பாதி வயதுக் கதாநாயகியோடு டூயட்... தாங்க முடியவில்லை அண்ணா.

எனக்கும்தான். இதற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. 1979ல் அவருடைய 200ஆவது படமாக வந்த 'திரிசூலம்' பெரிய வெற்றி, மூன்று வேடம். அந்த வெற்றி அவருக்கு நல்லது செய்யவில்லை என்பது என் கருத்து. அதற்கு முன்பே '16 வயதினிலே' (1977), 'முள்ளும் மலரும்' (1978) வந்து தமிழ் ரசிகன் காது வேறு மாதிரிப் பழகத் தொடங்கிவிட்டது. ஜனங்கள் தெருவில் பேசுவதுபோல் திரையிலும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அந்த நேரத்தில் பழைய ராகத்தையே அவர் பாடிக்கொண்டிருந்தது அந்தப் பத்தாண்டில் பிறந்தவர்களுக்கு ஒட்டவில்லை. அவர்களுக்கு முதலில் அறிமுகமான சிவாஜி இவர்தான்.

இதில் ஒரு வேடிக்கை. வசனத்தைக் குறைத்துக் காட்சியில் பேசியவர் என்று நாம் கொண்டாடும் மகேந்திரன்தான் 'தங்கப்பதக்கம்' (1974) படத்துக்குக் கதை வசனம் எழுதினார். அதில் சிவாஜி பேசாத பேச்சா! நாலே வருடத்தில் அதே மகேந்திரன் 'முள்ளும் மலரும்' எடுக்கிறார். எழுத்தாளரே இரண்டு கரையிலும் நின்றிருக்கிறார், நடிகரை மட்டும் குற்றம் சொல்லி என்ன செய்ய?

மார்லன் பிராண்டோவே பாராட்டினார் என்கிறார்களே, அப்புறம் நமக்கென்ன?

ஹாலிவுட்டில் ஒருவர் தலையாட்டினால்தான் நம் வீட்டுப் பிள்ளைக்கு மரியாதையா? 'வீரபாண்டிய கட்டபொம்மன்' நடிப்புக்காக 1960ல் கெய்ரோ விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கினார், அது பதிவில் இருக்கிறது. ஆனால் விருதைக் காட்டி யாரையும் ரசிக்க வைக்க முடியாது. படம் பிடிக்காதவரிடம் சான்றிதழை நீட்டுவது வீண் வேலை.

நான் ஆங்கில வழியில் படித்தவள். அந்தத் தமிழே எனக்குப் பாதி புரியவில்லை. அதனால்தான் தூரமாகத் தெரிகிறாரோ?

பெரிய காரணம் அது. இவரைக் காதால் ரசித்தவர்கள்தான் அதிகம். திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் குழாய் ஸ்பீக்கரில் 'திருவிளையாடல்' வசனத் தட்டு ஓடும். படம் பார்க்காதவனுக்குக்கூட தருமி காட்சி மனப்பாடம். 'பராசக்தி' வசனத்தைப் பேசிக் காட்டித்தான் ஒரு தலைமுறையே மேடைப் பேச்சு பழகியது. எந்த எழுத்தில் மூச்சு நிறுத்துவது, எந்தச் சொல்லை இழுப்பது, எங்கே வேகம் கூட்டுவது என்பதைக் கச்சேரி கேட்பதுபோல் கேட்டவர்கள் அவர்கள். அந்த மொழி காதில் விழாமல் வளர்ந்தவருக்கு மிச்சமிருப்பது முகமும் கையும் மட்டும். பாட்டை நிறுத்திவிட்டுப் பாடகரின் வாயை மட்டும் பார்ப்பது போலத்தான்.

உங்களுக்கு ஒரு யோசனை. 'பராசக்தி' கோர்ட் காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். படம் வெளிவந்தபோது அவருக்கு 24 வயது. ஒல்லியாக இருக்கிறார் என்று ஏவிஎம் அதிபர் ஏவி. மெய்யப்பச் செட்டியாருக்கே முதலில் அவர் மேல் நம்பிக்கை இல்லை, தயாரிப்பாளர் பி.ஏ. பெருமாள்தான் பிடிவாதமாக நின்றார். ஆக, சிவாஜி பிடிக்காதவர்கள் வரிசை படம் வெளிவரும் முன்பே தொடங்கிவிட்டது, நீங்கள் தனியாக இல்லை.

நான் நாடகக் குழுவில் நடிக்கிறேன். அவரிடம் இன்றைக்கும் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? பெரிய நடிப்பு வேண்டாம், சின்னதாக ஒன்று காட்டுங்கள்.

'தில்லானா மோகனாம்பாள்' (1968) தொடக்கத்தில் நாதஸ்வரம் வாசிக்கும் காட்சி. வாசித்தது மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜி செய்ய வேண்டியது பாவனை மட்டும்தான். ஆனால் கவனியுங்கள்: சங்கதி நீளும்போது கன்னம் நிறைந்தே இருக்கிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, முடியும் இடத்தில்தான் மூச்சு இறங்குகிறது. விரல் ஓடும் வேகத்துக்குச் சரியாகப் புருவம் போகிறது. ஒரு பிடி நன்றாக விழுந்ததும் பக்கத்தில் தவில் பக்கம் லேசாக ஒரு பார்வை, "பார்த்தாயா" என்பதுபோல். நிஜ வித்வான்களிடம் இருக்கும் செருக்கு அது. வாணவேடிக்கைச் சத்தத்தில் கச்சேரி கெடும்போது வருகிற கோபத்துக்கு அந்தப் பார்வையிலேயே அவர் அஸ்திவாரம் போட்டுவிட்டார். பக்கத்தில் துணை நாதஸ்வரமாக ஏ.வி.எம். ராஜன். இரண்டு பேரையும் மாறி மாறிப் பாருங்கள், ஒருவர் ஊதுகிறார், ஒருவர் ஊதுவதுபோல் நடிக்கிறார்.

'நலந்தானா' பாட்டையும் பாருங்கள். பாட்டு பத்மினிக்கு, கேள்வி கேட்பவள் அவள். இவருக்கு வாயில் நாதஸ்வரம், பேச முடியாது, காயம் பட்ட கை வேறு. இருப்பது கண் மட்டும். சத்தமே இல்லாமல் அழ இந்த ஆளுக்குத் தெரியாது என்று சொல்பவர்களை இங்கே அழைத்து வரவேண்டும்.

பதினாறு வயது மகளுக்கு சிவாஜியை அறிமுகப்படுத்த ஆசை. எதில் தொடங்கலாம்? பிடிக்காவிட்டால்?

கட்டபொம்மனில் தொடங்காதீர்கள், 'பாசமலர்' வேண்டவே வேண்டாம். பின்னாலிருந்து முன்னால் வாருங்கள்.

முதலில் 'தேவர் மகன்' (1992). கமல் படம் என்று சொல்லியே போடுங்கள். மழைக்கு நடுவே அப்பாவும் மகனும் பேசிக்கொள்ளும் இடத்தில் அவளே கேட்பாள், "யாரும்மா இந்தத் தாத்தா?" என்று. அடுத்து 'முதல் மரியாதை' (1985). விக் கிடையாது, முழக்கம் கிடையாது. ராதாவின் குடிசையில் உட்கார்ந்து மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிடும் காட்சி ஒன்று போதும்; வீட்டில் மரியாதையாக ஒரு வாய் சோறு கிடைக்காத மனிதன் என்பதை அவர் விரலை நக்குவதிலேயே சொல்லிவிடுவார். பிறகு 'அந்த நாள்', துப்பறியும் கதை என்பதால் தானாக ஓடும். சிரிக்க வேண்டுமானால் 'பலே பாண்டியா'. இவ்வளவும் பார்த்துவிட்டு அவளே கேட்டால் 'கர்ணன்' போடுங்கள், அதுவும் முடிந்தால் பெரிய திரையில். 2012ல் அதை டிஜிட்டலில் புதுப்பித்து வெளியிட்டபோது நூறு நாளைத் தாண்டி ஓடியது, வந்தவர்கள் எல்லாரும் பழைய ரசிகர்கள் இல்லை.

பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். வற்புறுத்திப் பார்க்க வைத்தால் அடுத்த மிமிக்ரி உங்கள் வீட்டிலேயே தொடங்கும்.