சீட்டு இல்லாத கடன்

தம்பி, அப்பா வாங்கிய கைமாற்று 40,000 ரூபாய்க்குச் சீட்டு இல்லை, கொடுத்தவருக்கும் வயதாகிவிட்டது, எல்லோரும் சாகப்போகிறவர்கள்தானே, திருப்பிக் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம், படுகர் சமூகத்தார் வீட்டுச் சாவில் நின்றிருக்கிறேன். இறந்தவர் செய்திருக்கக்கூடிய பாவங்களை ஒரு பெரியவர் வரிசையாகச் சொல்வார். எல்லைக்கல்லை நகர்த்தியது, தவறான வழி காட்டியது, பல்லியைக் கொன்றது (ஆமாம், பல்லியும் உண்டு). சுற்றி நிற்பவர்கள் ஒவ்வொன்றுக்கும் ‘அது பாவம்’ என்பார்கள். பாடையில் இருப்பவருக்கு அது கேட்காது. பக்கத்து நிலத்துக்காரருக்குக் கேட்கும். எனக்கு அன்று அது உறைத்தது.

அப்பாவுக்குக் கடன் கொடுத்தவர் இன்னும் இருக்கிறார். தவணையாகவாவது கொடுத்துவிடுங்கள். ஜிபே வேண்டாம், நேரில் போங்கள். ஒரு டீ குடித்தபடி, அப்பாவைப் பற்றி அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு வாருங்கள்.