நால்வர் பயணமும் பாதி டேங்கும்

வணக்கம். செஸ்னா 172எஸ் விமானத்தில் நால்வர் (மொத்தம் 310 கிலோ), 20 கிலோ பைகள், இரண்டு மணி நேரப் பயணம், வெற்று எடை 770 கிலோ என்று குறிப்பிட்டு, டேங்கை முழுவதும் நிரப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிரப்ப முடியாது.

புறப்படும்போது அனுமதிக்கப்பட்ட உச்ச எடை 1157 கிலோ என்பதால், ஆட்களும் பைகளும் ஏறிய பின் எரிபொருளுக்கு எஞ்சுவது 57 கிலோ மட்டுமே. விமானப் பெட்ரோல் லிட்டருக்கு ஏறத்தாழ 0.72 கிலோ என்று கொண்டால், அது 79 லிட்டர். முழு டேங்கில் பயன்படுத்தக்கூடிய அளவோ சுமார் 200 லிட்டர், அதாவது 144 கிலோ. (டேங்கின் அடியில் தங்கிவிடும் எரிபொருள் வெற்று எடையிலேயே சேர்ந்துவிட்டது, அதை மீண்டும் கூட்ட வேண்டாம்.)

மணிக்கு 35 லிட்டர் வீதம் பயணத்துக்கே 70 லிட்டர் செலவாகும். மிச்சமுள்ள 9 லிட்டர் அரை மணி நேரக் கையிருப்புக்குக்கூடப் போதாது. பைகளை விட்டுச் சென்றால் ஏறக்குறைய 28 லிட்டர் கூடுதலாக நிரப்பலாம். அப்போது கையிருப்பு ஒரு மணி நேரத்துக்குச் சற்றே மேல் வரும். பைகளும் வந்தாக வேண்டுமென்றால், ஒரு மணி நேரக் கையிருப்பு இல்லாமல் நான் கிளம்பமாட்டேன் என்பதால், வழியில் ஒரு முறை இறங்கி நிரப்புவதையே பரிந்துரைப்பேன்.

இந்த விமானத்தில் எரிபொருள் தீர்வதால் ஈர்ப்பு மையம் (மொத்த எடையும் சமநிலை கொள்ளும் புள்ளி) பெரிதாக நகராது. பின்னிருக்கையில் கனமானவர்கள் அமர்ந்து, அவர்களுக்குப் பின்னால் பைகளும் இருந்தால்தான் அது பின் எல்லையை நெருங்கும். ஆகவே எடையோடு நின்றுவிடாமல், திருப்புத்திறனையும் (ஒவ்வொரு எடையையும் அது இருக்கும் தூரத்தால் பெருக்கி வருவது) கணக்கிடுங்கள். பாதி நிரப்பிய டேங்கை எரிபொருள் மானியை நம்பி மதிப்பிடாமல், அந்த விமானத்துக்கென அளவிடப்பட்ட குச்சியை இரு டேங்குகளிலும் விட்டுப் பாருங்கள்.