ஊறப் போட்ட அரிசியும் ஞாயிறு வாசகமும்

கேள்வி: காரைக்குடியில் வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறேன். வயது 44. ஞாயிறு திருப்பலியை, அதாவது கத்தோலிக்கக் கோவில் பூசையை, தவறவிட்டதில்லை. ஆனால் மனம் அங்கே நிற்பதில்லை. மாவுருண்டை ஆர்டர், எண்ணெய் விலை என்று ஓடுகிறது. செபமெல்லாம் சிறுவயதில் மனப்பாடம் செய்ததுதான். திருப்பலி பற்றி ஒரு தடித்த இறையியல் புத்தகத்தை மகன் வாங்கிக் கொடுத்தான். பத்தாம் பக்கம் தாண்டுவதற்குள் தூங்கிவிடுகிறேன். புத்தகத்தைப் பார்த்துச் செபித்தால் அது செபமா என்ற சந்தேகம் வேறு. போன மாதம் வேறு சபைக்குப் போகும் தோழி, "உங்க பூசை பைபிள்ல எங்க இருக்கு?" என்று கேட்டாள். வாயடைத்துப் போனேன். நான் என்ன படிப்பது, எப்படிப் படிப்பது?

பதில்: அன்புத் தங்கச்சி, முதலில் அந்தத் தடித்த புத்தகத்தை மூடி அலமாரியில் வையுங்கள். திருப்பலியைப் பற்றி மற்றவர்கள் எழுதியதைப் படிக்கும் முன் திருப்பலியையே ஒருமுறை படிக்க வேண்டாமா? நம்மில் பாதிப் பேர் அதைச் செய்ததே இல்லை. வாராவாரம் வாயால் சொல்கிறோம், அதனால் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

என் அப்பத்தா "பூசை காணப் போறேன்" என்றுதான் சொல்வார். பழைய ஞான உபதேசத்திலும் அதே சொல்தான்: முழுப் பூசை காண்பது. அந்தக் காலத்தில் காண மட்டும்தான் முடிந்தது. பீடத்தில் சாமியார் லத்தீனில் செபிப்பார், கீழே அப்பத்தா செபமாலை உருட்டுவார், மணி அடித்தால் தலை நிமிரும். அவர் பக்தியைக் குறை சொல்ல எனக்கு அருகதை கிடையாது. ஆனால் 1963இல் உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் தந்த திருவழிபாட்டு ஏடு, மக்கள் அங்கே அன்னியரைப் போலவும் பேசாத பார்வையாளரைப் போலவும் இருக்கக் கூடாது என்றது. அப்புறம் தமிழ் வந்தது. நாமோ தமிழிலும் கண்டுகொண்டுதான் இருக்கிறோம்.

சரி, எங்கே தொடங்குவது? சனிக்கிழமை ராத்திரி, உங்கள் அடுப்படியில். மறுநாளைக்கு அரிசி ஊறப் போடுவீர்கள் அல்லவா, அதே நேரத்தில் ஞாயிறு வாசகங்களையும், அதாவது அன்று கோவிலில் வாசிக்கும் பைபிள் பகுதிகளையும், ஊறப் போடுங்கள். எந்தெந்தப் பகுதி என்பது கத்தோலிக்க நாட்காட்டியிலேயே இருக்கும். முதலில் நற்செய்தி, பிறகு முதல் வாசகம். இரண்டுக்கும் என்ன சொந்தம் என்று தேடுங்கள். பொதுக்காலத்து ஞாயிறுகளில், அதாவது தவக்காலம் போன்ற சிறப்புக் காலங்கள் போக மீதி ஞாயிறுகளில், நற்செய்திக்குப் பொருந்தத்தான் முதல் வாசகத்தைத் தேர்ந்திருக்கிறார்கள். இரண்டாம் வாசகம் தன் போக்கில் ஒரு திருமுகத்தை (திருத்தூதர் கடிதத்தை) தொடர்ந்து போகும், அதில் சொந்தம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

ஒன்று காட்டுகிறேன், உங்கள் தொழிலுக்கே பொருந்தும். ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வரும்; அதில் இரண்டாம் ஆண்டு, பொதுக்காலம் 17ஆம் ஞாயிறு. முதல் வாசகம் 2 அரசர்கள் 4. ஒருவர் இறைவாக்கினர் எலிசாவிடம் 20 வாற்கோதுமை அப்பங்கள் கொண்டுவருகிறார். மக்களுக்குப் பரிமாறு என்கிறார் எலிசா. நூறு பேருக்கு இதை எப்படி வைப்பது என்று கேட்கிறான் பணியாள். பந்திக்குப் பலகாரம் கொடுத்த யாருக்கும் அந்த வயிற்றுக் கலக்கம் தெரியும். நற்செய்தி யோவான் 6. அங்கே இயேசுவின் முன் ஐந்தே அப்பம், அதுவும் வாற்கோதுமை. ஆண்களை மட்டும் எண்ணினாலே ஏறக்குறைய ஐயாயிரம் பேர். சீடர் அந்திரேயாவும் அந்தப் பணியாள் மாதிரியே, இத்தனை பேருக்கு எப்படிப் போதும் என்கிறார். இரண்டு இடத்திலும் சாப்பிட்டது போக மிச்சம் இருக்கிறது. சனிக்கிழமையே இதைப் பார்த்து வைத்திருந்தால், மறுநாள் வாசகர் 'வாற்கோதுமை' என்று வாய் திறக்கும்போது உங்கள் காது தானாக நிமிரும். எண்ணெய் விலை நினைவுக்கு வராது என்று சொல்ல மாட்டேன். வந்தாலும், திரும்பிப் போக ஓர் இடம் இருக்கும்.

நற்செய்தி முதல் ஆண்டு மத்தேயு, இரண்டாவது மாற்கு (நடுவில் மேலே சொன்ன யோவான் 6 வரும்), மூன்றாவது லூக்கா என்று சுற்றும். கிறிஸ்துமசுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் புது ஆண்டு தொடங்கும்போது அந்த வருடத்து நற்செய்தியை முழுதாக ஒருமுறை படித்துவிடுங்கள். மாற்கு 16 அதிகாரம்தான். மத்தேயுவுக்கே 28தான்.

அடுத்தது திருப்பலியின் சொற்கள். மக்களுக்கான சிறிய திருப்பலிப் புத்தகம் ஒன்று போதும், பென்சிலோடு உட்காருங்கள். "தூயவர்" பாடுகிறோமே, முன்பாதி எசாயா 6இல் வானதூதர் பாடியது. பின்பாதி இயேசு எருசலேமுக்குள் நுழைந்தபோது ஜனங்கள் கூவியது. "இறைவனின் செம்மறி" யோவான் 1இல் திருமுழுக்கு யோவான் விரல் நீட்டிச் சொன்னது.

எனக்கு மிகவும் பிடித்தது நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்கப் போகுமுன் சொல்வது: "ஆண்டவரே, நீர் என் இல்லத்தில் எழுந்தருள..." அது யார் பேச்சு தெரியுமா? மத்தேயு 8. கப்பர்நாகுமில் ஒரு ரோமைப் படையின் நூற்றுவர் தலைவர், யூதர்கூட இல்லை. தனக்காகவும் வரவில்லை, வீட்டில் முடங்கிக் கிடக்கும் பணியாளுக்காக வந்தார். ஒரு வார்த்தை சொன்னால் என் பையன் நலமடைவான் என்றார். திருச்சபை அந்தப் பையன் இருந்த இடத்தில் 'என் ஆன்மா' என்று வைத்தது, அவ்வளவுதான். வாராவாரம் நாம் ஒரு வேற்று மனிதரின் பணிவைக் கடன் வாங்கித்தான் நற்கருணைக்குப் போகிறோம். அடுத்த ஞாயிறு 'இல்லம்' என்று சொல்லும்போது முறுக்கு டின் அடுக்கியிருக்கும் உங்கள் பட்டாலையையே நினைத்துச் சொல்லிப் பாருங்கள்.

தோழிக்குப் பதிலும் இதில் பாதி வந்துவிட்டது. மீதிக்கு லூக்கா 24இல் உயிர்த்த இயேசு இரண்டு சீடரோடு நடந்த எம்மாவு வழியைக் காட்டுங்கள்: முதலில் மறைநூல் விளக்கம், அப்புறம் அப்பம் பிடுதல். ரோமையில் வாழ்ந்த புனித யுஸ்தினார் 155ஆம் ஆண்டு வாக்கில் பேரரசருக்கு எழுதிய விளக்கத்தில் ஞாயிற்றுக் கூட்டத்தை வரிசையாகவே சொல்கிறார். திருத்தூதரின் நினைவுக் குறிப்புகளோ இறைவாக்கினரின் எழுத்துகளோ வாசிக்கப்படும், தலைவர் அறிவுரை சொல்வார், எல்லாரும் எழுந்து மன்றாடுவார்கள், அப்பமும் இரசமும் தண்ணீரும் வரும், மக்கள் 'ஆமென்' என்பார்கள். வர முடியாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் வீட்டுக்கே எடுத்துப் போவார்கள். காணிக்கை அனாதைகளுக்கும் கைம்பெண்களுக்கும் போகும். சண்டை போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. தோழி கேட்டது நல்ல கேள்வி, அவர் கேட்காவிட்டால் நீங்கள் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள்.

புத்தகம் பார்த்துச் செபிப்பது செபமா? அவிலா நகர்ப் புனித தெரேசா தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதுகிறார்: வறட்சியாய்ப் போன 18 ஆண்டுகளில், நற்கருணை வாங்கிய நேரம் தவிர, கையில் புத்தகம் இல்லாமல் செபத்தில் உட்காரத் துணிந்ததே இல்லையாம். சில நாள் நிறையப் படிப்பார், சில நாள் கொஞ்சம், சில நாள் புத்தகம் பக்கத்தில் இருந்தாலே போதும். இவரைத்தான் 1970இல் திருச்சபையின் மறைவல்லுநராக, அதாவது எல்லாருக்குமான ஆசிரியராக, அறிவித்தார்கள். ஆகவே கூச்சப்படாமல் புத்தகத்தை விரியுங்கள். படித்து முடிக்க வேண்டும் என்று மட்டும் ஓடாதீர்கள். ஒரு வரி பிடித்து நிறுத்தினால் அங்கேயே நில்லுங்கள். முதல் வாசகத்துக்குப் பின் பாடும் பதிலுரைப் பாடலின் பல்லவியை அந்த வாரம் முழுக்க வைத்துக்கொள்ளலாம். முறுக்கு பிழியும்போது முணுமுணுக்க அளவாக இருக்கும். சின்ன வயதில் மனப்பாடம் செய்த செபங்களையும் விட்டுவிட வேண்டாம். காய்ச்சலில் படுத்திருக்கும்போது அவைதான் வரும்.

மகன் தந்த புத்தகத்தை அடுத்த தவக்காலத்தில் எடுங்கள். அதற்குள் பாதிச் சொற்கள் தெரிந்தவர்கள் மாதிரி ஆகியிருக்கும். அதுவரை எண்ணெய்க் கை படாமல் அட்டை போட்டு வையுங்கள்.