பெங்களூரில் வீட்டிலேயே சாராயம் காய்ச்சிப் பழக எங்கே தொடங்கலாம்?
முதலில் சட்டம்: 1965ஆம் ஆண்டு கர்நாடகக் கலால் சட்டப்படி உரிமம் இல்லாமல் காய்ச்சுவது குற்றம், நான் குடிக்கத்தானே என்ற சாக்கு எடுபடாது. விஷமான மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிக்கும், போதை தரும் எத்தனால் 78.4இல், அதனால் முதலில் வருவதைக் கொட்டினால் போதும் என்பார்கள். கலவையில் அது அப்படிச் சுத்தமாகப் பிரியாது. அதைவிடப் பெரிய பயம் நெருப்பு, கேஸ் அடுப்புப் பக்கம் ஆவி கசிந்தால் தொலைந்தோம்.

கைப்பழக்கம்தான் வேண்டுமென்றால் பன்னீர் வடியுங்கள். கே.ஆர். மார்க்கெட்டில் வாசனை ரோஜா வாங்கி, அகலப் பாத்திரத்தில் இதழ்கள் மூழ்கத் தண்ணீர் விட்டு, நடுவில் ஒரு ஸ்டாண்டு மேல் கிண்ணம் வைத்து, குமிழ் வைத்த மூடியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஐஸ் கட்டி நிரப்புங்கள். ஆவி குளிர்ந்து குமிழ் வழியாகக் கிண்ணத்தில் சொட்டும். சிறு தீ போதும். மணமெல்லாம் முதலில் வடிவதில்தான், அப்புறம் வருவது வெறும் வெந்த வாடை.