வரைபடத்தில் 60 அடி, தரையில் 65 அடி: ஒப்புக்கொள்ளாதீர்கள்

தேவகோட்டை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பங்காளிகள் எல்லாரும் சம்மதித்து, எங்கள் வீட்டின் பின்கட்டை இடித்துவிட்டு லாட்ஜ் கட்டப் போகிறோம். கீழே வண்டி நிறுத்தம், மேலே 5 மாடி, தளத்தோடு சேர்த்து மாடிக்கு 11 அடி. இடத்தின் அகலம் 60 அடி. 'பிளானில் 60 அடி உயரம் காட்டிவிடலாம், தீயணைப்புச் சான்று வேண்டாம், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்கிறார் அப்ரூவல் வாங்கித் தருபவர். நம்பலாமா?"

நம்பாதீர்கள். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். வண்டி நிறுத்தத்துக்கு 10 அடி, 5 மாடிக்கு 55 அடி, ஆக 65 அடி. தமிழ்நாட்டில் 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் 18.30 மீட்டரை, அதாவது 60 அடியை, எல்லையாக வைத்திருக்கின்றன. அதைத் தாண்டினால் உயரக் கட்டடம். அப்போது தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும், முன்னால் குறைந்தது 12 மீட்டர் அகலச் சாலை வேண்டும், நான்கு பக்கமும் 7 மீட்டர் காலியிடம் விட வேண்டும். 7 மீட்டர் என்றால் 23 அடி. உங்கள் 60 அடி அகலத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து 46 அடி போனால் மிச்சம் 14 அடி. அதில் என்ன லாட்ஜ் கட்டுவது? இதைச் சொன்னால் வேலை கைவிட்டுப் போகும் என்றுதான் அவர் சொல்லவில்லை.

உயரத்தைத் தரையிலிருந்து அளப்பார்கள். நம்மூர் வழக்கப்படி அடித்தளத்தை நாலடி தூக்கிக் கட்டினால் அந்த நாலடியும் கணக்கில் சேரும். மாடிப்படியின் தலைக்கூடு, லிப்ட் அறை, தண்ணீர்த் தொட்டி இவற்றுக்கு விலக்கு உண்டு. இந்த விலக்கைக் காட்டித்தான் நிறையப் பேரை ஏமாற்றுகிறார்கள். "மொட்டை மாடியில் தகர ஷெட் போட்டு ஓட்டல் வைக்கலாம், அதுவும் விலக்குதான்" என்பார்கள். இல்லை. ஆள் உட்கார்ந்து சாப்பிடும் இடம் எதுவானாலும் அது ஒரு மாடி. கூரை தகரமா கான்கிரீட்டா என்பது பேச்சே இல்லை. தொட்டிக்குக் கீழே ஓர் அறை எடுத்து வாட்ச்மேனுக்குக் கொடுத்தாலும் அதே கதிதான்.

சரி, என்ன செய்யலாம்? ஒரு மாடியை விட்டுவிடுங்கள். 4 மாடி என்றால் 54 அடி, சுமார் 16.5 மீட்டர். ஆனால் தேசியக் கட்டட நெறிமுறை (2016) 15 மீட்டரிலேயே உயரக் கட்டடம் என்கிறது. ஒரே கட்டடத்துக்கு இரண்டு அளவுகோல்! இத்தனை வருடம் ஆகியும் இதை ஒன்றாக்காமல் ஜனங்களை மேசைக்கு மேசை அலைய விடுவது எனக்குத் தாங்கவில்லை. நீங்கள் 15 மீட்டர் கணக்கிலேயே தீத்தடுப்பு வேலைகளைச் செய்துவிடுங்கள். லாட்ஜ் நடத்த உரிமம் கேட்கும்போது தீயணைப்புத் துறையிடம் எப்படியும் போகத்தான் வேண்டும். பணி நிறைவுச் சான்று இல்லாமல் மின் இணைப்பும் கிடைக்காது. பிளானும் கட்டடமும் ஒத்துப்போகவில்லை என்றால் பூட்டி சீல் வைக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. அன்றைக்கு அந்தப் புரோக்கர் போனை எடுக்க மாட்டார்.

இன்னொன்று. ஆன்லைன் விண்ணப்பத்தில் யாருடைய செல் நம்பர் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். தன் நம்பரைப் போட்டுவைப்பது இவர்கள் பழக்கம். அலுவலகம் கேட்கும் விளக்கம் எதுவும் உங்களுக்கு வந்து சேராது.

போன வருடம் ஒரு லாட்ஜைப் பார்க்கப் போனேன். சுவரில் வரிசையாகச் சிவப்பு சிலிண்டர்கள். ஒன்றைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே பவுடர் கட்டியாகி அசையவே இல்லை. பின்பக்கப் படிக்கட்டின் கதவில் பூட்டு, படிக்குக் கீழே எட்டு கேஸ் சிலிண்டர். சான்று மட்டும் கண்ணாடிச் சட்டத்துக்குள் பளபளவென்று தொங்கியது.

இடிக்காமல் விடும் உங்கள் முன்பக்கத்து வளவில் (முற்றத்தைச் சுற்றிய கட்டில்) பர்மா தேக்குத் தூண்களும் உத்தரங்களும் அப்படியே நிற்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் சமையலறையையும் கேஸ் வைக்கும் இடத்தையும் அந்த வளவின் சுவரை ஒட்டி வைக்கவே வேண்டாம், அதற்கு எதிர்ப்பக்கம் தள்ளிவிடுங்கள். படிக்கட்டு இரண்டு வேண்டும், ஒவ்வொன்றும் ஒன்றரை மீட்டர் அகலத்துக்குக் குறையாமல். இதை இன்ஜினியரிடம் இப்போதே சொல்லி, வரைபடத்தில் போட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.