மறு: சூடானில் போர், நூபிய ஆய்வைக் கைவிடலாமா?

வணக்கம். 2023 ஏப்ரலில் சூடானில் போர் மூண்டதால் களப்பணிக்கு வழியில்லை, முனைவர் பட்டத்துக்கு நூபியாவை (தெற்கு எகிப்திலும் வடக்குச் சூடானிலும் பரவியிருந்த பண்டைய நிலப்பகுதி) விட்டு எகிப்தியலுக்கே மாறிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாற வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. 1913 முதல் 1916 வரை அமெரிக்கத் தொல்லியலாளர் ரைஸ்னர் வடக்குச் சூடானில் உள்ள பண்டைய நூபிய நகரமான கெர்மாவில் தோண்டியெடுத்த பொருள்களில் ஏராளமானவை பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எகிப்தின் அஸ்வான் உயர் அணை நீரில் நூபியத் தளங்கள் மூழ்கவிருந்ததால் 1960களில் நடந்த மீட்பு அகழாய்வுகளில் கிடைத்தவையோ பல நாடுகளில் பரவிக் கிடக்கின்றன. கெர்மாக் குவளை ஒன்றைக் கூர்ந்து பாருங்கள்: கறுத்த விளிம்பு, சிவந்த அடிப்பகுதி, இரண்டுக்கும் நடுவே சாம்பல் பூத்த ஒழுங்கற்ற பட்டை, வியக்கவைக்கும் மெல்லிய சுவர். இத்தகைய சேகரிப்பு ஒன்றின் மீது ஆய்வேட்டை அமைத்துக்கொண்டால், களம் மூடியிருப்பதால் உங்கள் பட்டம் நின்றுவிடாது. பழைய அறிக்கைகளைப் படிக்க ஜெர்மனும் பிரெஞ்சும் தேவைப்படும். அரபியையும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். சூடானிய ஆய்வாளர்களோடு அவர்கள் மொழியில் பேசத் தெரியாமல் அந்த மண்ணை ஆராய்வது முறையாகாது.